துக்கத்தில் இருக்கும்போது விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் துக்க வீடுகளுக்குப் போய்வரும் குழுவில் நானும் ஒருத்தி. கூட்டமாக எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள். ஜெபம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, அடுக்களையில் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெதுவாக ஒருவர் ஆரம்பிப்பார். வீடு மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்கள் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

விசுவாசிங்க அழக்கூடாதுன்னு சொல்றாங்களே, அழுதா சாட்சி கெட்டுடுமா?

கெடாது. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் "இயேசு கண்ணீர் விட்டார்" (யோவான் 11:35). இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார். ஆபிரகாம் சாராளுக்காக அழுதார். ஸ்தேவான் வானம் திறந்திருப்பதைக் கண்டுகொண்டே மரித்தவர். அவரையும் தேவபக்தியுள்ள மனுஷர் எடுத்து அடக்கம்பண்ணி, அவருக்காக "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. "அவர்தான் பரலோகம் போயிட்டாரே, ஏன் அழுறீங்க" என்று அங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை.

அடக்க ஆராதனையில் கண் கலங்காமல் பாடிய மனைவியைப் பார்த்து "என்ன விசுவாசம்!" என்று மெச்சுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அப்படிப் பேர் வாங்கிவிட்ட அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் அழ இடமில்லாமல் போய்விடுகிறது. முதல் நாளில் கண்ணீரே வராதவர்களும் உண்டு. உடம்பும் மனசும் மரத்துப்போயிருக்கும். அதை வைத்து அவருடைய விசுவாசத்தையும் எடை போட வேண்டாம், பாசத்தையும் எடை போட வேண்டாம்.

அப்படின்னா பவுல் ஏன் "மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீங்க"ன்னு எழுதினார்?

அந்த வசனத்தை முழுசாக வாசியுங்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" என்று இருக்கிறது (1 தெசலோனிக்கேயர் 4:13). துக்கப்படாதே என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கையில்லாமல் துக்கப்படாதே என்கிறார். பவுலே துக்கத்துக்கு அஞ்சிய மனிதர்தான். தன் தோழன் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது, "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் எனக்கும் இரங்கினார் என்று எழுதுகிறார் (பிலிப்பியர் 2:27). அவன் போயிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன் என்றுதானே அதற்கு அர்த்தம்?

அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதையும் அவரே சொல்கிறார்: இயேசு மரித்தார், எழுந்தார், அவருக்குள் நித்திரையடைந்தவர்களும் எழுவார்கள். 1 கொரிந்தியர் 15:26-ல் மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்கிறார். எனக்கு இந்த இடம் மிக முக்கியம். நாம் நேசித்தவரைக் கொண்டுபோனது ஒரு சத்துரு. சத்துரு கை வைத்தால் வலிக்கத்தான் செய்யும். அந்தச் சத்துரு ஒருநாள் தோற்கும் என்பதுதான் நம் நம்பிக்கை. வலிக்காது என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஜெபமே வரமாட்டேங்குது. பைபிளைத் திறந்தா எழுத்துதான் தெரியுது, ஒண்ணும் ஏற மாட்டேங்குது.

முதலில் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று நான் கேட்பேன். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துத் தூங்கினார். தூதன் மறுபடியும் வந்து சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவரிடம் பேசியது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

வார்த்தை வராத ஜெபமும் ஜெபமே. ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. உங்களால் முடியாத நாட்களில் மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று எழுதியிருக்கிறது (மாற்கு 2:5). சுமந்தவர்களின் விசுவாசமும் கணக்கில் வந்தது. வாசிக்க வேண்டும் என்று தோன்றினால் 13-ம் சங்கீதம் போதும். ஆறே வசனம், அதுவும் "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. கண் ஓடவில்லை என்றால் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்குக் கடவுள்மேல அவ்வளவு கோபம் வருது. இது பாவமா?

லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து இயேசுவிடம் ஒரே குற்றச்சாட்டைத்தான் வைத்தார்கள்: "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அவர் நாலு நாள் தாமதமாக வந்திருந்தார். அதைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள். அவர் கோபிக்கவில்லை. மார்த்தாளோடு பேசினார், மரியாளோடு சேர்ந்து அழுதார். கணவனையும் மகன்களையும் இழந்த நகோமி ஊர்ப் பெண்களிடம், என்னை மாராள் (கசப்பு) என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்றாள். சிலுவையில் இயேசுவே 22-ம் சங்கீதத்தை எடுத்து "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார்.

88-ம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டங்களில் அதை வாசித்து நான் கேட்டதில்லை. வேறு புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவே திரும்பாது. நண்பர்கள் விலகிப்போனார்கள், இருள்தான் மிச்சம் என்று அப்படியே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் தேவன். யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். கடைசியில் கர்த்தர் கண்டித்தது, தம்மைப் பற்றி நியாயம் விளக்கிய நண்பர்களைத்தான். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (யோபு 42:7).

ஒன்றே ஒன்று. கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். மேலே சொன்னவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் செய்தார்கள். முகத்துக்கு நேரே சண்டை போடுகிறவர் உறவை இன்னும் விடவில்லை.

வர்றவங்க எல்லாரும் "சகலமும் நன்மைக்கு ஏதுவா நடக்கும்"னு சொல்றாங்க. என் பிள்ளை செத்தது என்ன நன்மை?

பிள்ளை செத்தது நன்மை என்று அந்த வசனம் சொல்லவில்லை. ரோமர் 8:28-க்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். சர்வ சிருஷ்டியும் தவித்து, பிரசவ வேதனைப்படுகிறது என்கிறார் பவுல், நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம் என்கிறார். அந்தத் தவிப்புக்கு நடுவில்தான் 28-ம் வசனம் வருகிறது. தீமையை நன்மை என்று பெயர் மாற்றிக் கூப்பிட அது நமக்கு அனுமதி தரவில்லை. பல வருஷம் கழித்து நீங்களே உங்கள் வாழ்க்கையைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லலாம். பெட்டி இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போது அடுத்தவர் உங்களிடம் சொல்லவேண்டிய வசனம் அது இல்லை.

பதிலுக்கு வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்காது. "நன்றி, இப்போ பேச முடியலை" என்று சொன்னால் போதும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் நண்பர்கள் செய்த நல்ல காரியம், ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றுதான் ரோமர் 12:15 சொல்கிறது, விளக்கம் சொல்லுங்கள் என்று இல்லை. கைக்கு வேலை நிறைய இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், அதற்கு அலையும் நிலையில் அந்த வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பேங்கு, பென்ஷன், கேஸ் இணைப்பு என்று பெயர் மாற்றும் வேலைகள் வரிசையாக வரும். 10-ம் நாளுக்குப் பிறகு சமையலுக்கு யாரும் வருவதில்லை. அப்போது ஒரு தூக்குவாளியில் குழம்பு கொண்டுபோய்க் கொடுங்கள்.

கோயிலுக்குப் போனாலே அவர் உட்கார்ற இடம் கண்ணுல படுது, அழுகை வந்துடுது. கொஞ்ச நாள் போகாம இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் ரொம்ப நாள் வேண்டாம் என்பது என் எண்ணம். பின்வரிசையில், கதவுப் பக்கம், துணைக்கு ஒருவரோடு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகலாம். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். நற்கருணைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயரிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால் அவர் புரிந்துகொள்வார். கிறிஸ்துமஸும் புதுவருஷ ஆராதனையும் முதல் வருஷம் மிகக் கடினம். அந்த நாட்களில் யாரோடு போவது, எங்கே சாப்பிடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உபவாசம் இருந்து, பொருத்தனை பண்ணி, அவ்வளவு ஜெபிச்சோம். எங்க விசுவாசம் பத்தலையா?

இந்தக் கேள்வி கேட்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வரும், கேட்டவர்மேல் இல்லை, அந்த எண்ணத்தை அவர் மனதில் போட்டவர்கள்மேல். பவுலின் கைக்குட்டையால் நோயாளிகள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று 2 தீமோத்தேயு 4:20-ல் எழுதுகிறார். தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசு, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வேண்டினார். அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

லாசருவையும் நினைத்துப் பாருங்கள். அவன் என்ன விசுவாசத்தைக் காட்டி எழுந்தான்? நாலு நாள் பிணமாகக் கிடந்தான். நம் விசுவாசத்தின் அளவைப் பார்த்துக் கூலி கொடுக்கிறவர் இல்லை தேவன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பாதி விசுவாசத்தோடு வந்த தகப்பனின் பிள்ளையும் சுகமானான். சுகம் ஏன் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை என்பதற்கு வேதம் காரணப் பட்டியல் எதுவும் தரவில்லை. நானும் தர மாட்டேன்.

அப்போ இது எங்க பாவத்துக்கு, இல்ல முன்னோர் சாபத்துக்குத் தண்டனையா?

இதே கேள்வியை இயேசுவிடமே கேட்டார்கள். குருடனாய்ப் பிறந்தவனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்றார்கள். இவனும் இல்லை, அவர்களும் இல்லை என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் எல்லாரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் (லூக்கா 13:4, 5).

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது வேளாங்கண்ணியில் கரையில் இருந்தவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்காக வந்த திருப்பயணிகள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று இலங்கையில் குண்டுகள் வெடித்தது கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள். ஆராதிக்க வந்த இடத்தில் இறந்தவர்களைப் பாவிகள் என்று சொல்ல நம் நாக்கு கூசவேண்டும்.

ஊழியம் செய்கிறவர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. டோனாவூரில் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்ததிலிருந்து 1951-ல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். அந்தப் படுக்கையிலிருந்தே எழுதிக்கொண்டும் இருந்தார்.

ஒரு வருஷம் ஆச்சு. "இன்னும் என்ன அழுகை"ன்னு கேக்குறாங்க. எத்தனை நாள்தான் துக்கம் இருக்கலாம்?

யாக்கோபுக்காக எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடினார்கள். ஆரோனுக்கும் மோசேக்கும் இஸ்ரவேலர் 30 நாள். நம் ஊர்களில் 8, 16, 30, 41 என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. இவையெல்லாம் ஊர் கூடி அழுவதற்கான கணக்கு. அதற்குமேல் வீட்டுக்குள் நடப்பதற்குக் கணக்கு கிடையாது. யாக்கோபு, யோசேப்பு செத்தான் என்று நம்பிய நாளிலிருந்து ஆறுதலை ஏற்கவே மறுத்தார் (ஆதியாகமம் 37:35).

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, குளிக்கக்கூட எழ முடியவில்லை, நானும் போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சுகருக்கு மாத்திரை போடுகிறீர்களா என்று அவரிடம் கேளுங்கள்.

கணவர் போனதுக்கு அப்புறம் பூ வைக்கக்கூடாது, கல்யாண வீட்டுல முன்னால நிக்கக்கூடாதுன்னு நம்ம ஆளுங்களே சொல்றாங்க. வேதத்துல அப்படி இருக்கா?

இல்லை. ஒரு வசனம்கூட இல்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து தாலியைக் கழற்றுவது, பூவையும் கலர் சேலையையும் விலக்குவது, சுபகாரியங்களிலும் கல்யாண வீட்டிலும் பின்னால் நிறுத்துவது எல்லாம் ஊர் வழக்கம். ஞானஸ்நானம் எடுத்து மூன்று நாலு தலைமுறை ஆன வீடுகளிலும் இது நடப்பதுதான் எனக்கு வருத்தம். "உத்தம விதவைகளாகிய விதவைகளைக் கனம்பண்ணு" என்பது கட்டளை (1 தீமோத்தேயு 5:3).

லூக்கா 2-ம் அதிகாரத்தைப் பாருங்கள். குழந்தை இயேசுவை முதல்முதலாகத் தேவாலயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குடும்பத்துக்கு அதைவிடச் சுபகாரியம் வேறென்ன? அந்நேரத்தில் வந்து நின்று கர்த்தரைப் புகழ்ந்து, அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லாருக்கும் சொன்னது அன்னாள். கல்யாணமாகி ஏழே வருஷத்தில் கணவனை இழந்தவள். அவள் முன்னால் வந்து நிற்பதை அபசகுனம் என்று மரியாளும் யோசேப்பும் நினைக்கவில்லை. பூ வைப்பதும் வைக்காததும் உங்கள் மனசு. மனசு வராவிட்டால் வேண்டாம், வந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

எங்க வீட்டுல பாதி ஆர்.சி., பாதி சி.எஸ்.ஐ. இறந்தவங்களுக்காக ஜெபிக்கலாமா?

ஆர்.சி. என்கிற கத்தோலிக்கர்கள் ஜெபிக்கிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது பரலோகம் போகுமுன் சுத்திகரிக்கப்படும் நிலையில், இருக்கும் ஆத்துமாக்களுக்கு நம் ஜெபமும் திருப்பலியும் உதவும் என்பது அவர்கள் போதனை. இரண்டாம் மக்கபேயர் 12-ம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து ஆசீர்வதிப்பது அதன் பகுதிதான். சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்த சபைகள் அந்தப் புத்தகத்தை வேதமாக ஏற்பதில்லை. இறந்தவர் ஏற்கெனவே தேவன் கையில் இருக்கிறார் என்று நன்றி சொல்லி, வீட்டாருக்காக ஜெபிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைத் தீர்க்க துக்க வீடு சரியான இடம் இல்லை. மாமியார் பூசைக்குக் காசு கொடுத்தால் கொடுக்கட்டும், மருமகள் நினைவு ஆராதனை வைத்தால் வைக்கட்டும். "அவரை எங்களுக்குக் கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்ற ஜெபத்தில் இரண்டு பேரும் ஆமென் சொல்லலாம்.

அவர் உடம்பை எரிச்சுட்டோம். உயிர்த்தெழுதல் எப்படி?

கல்லறையில் வைத்த உடம்பும் மண்ணாகத்தான் போகிறது. கடலில் போனவர்கள், சிங்கத்துக்குப் போடப்பட்ட இரத்தசாட்சிகள் எல்லாரும் எழுவார்கள் என்று சபை ஆரம்பத்திலிருந்தே நம்புகிறது. கத்தோலிக்க திருச்சபை 1963-லிருந்து தகனத்தை அனுமதிக்கிறது. சாம்பலை வீட்டில் வைக்காமலும், ஆற்றிலோ கடலிலோ தூவாமலும், கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016-ல் தெளிவாக்கியது. பயப்பட ஒன்றுமில்லை.

கனவுல வந்து பேசுறார். ஒருத்தர் வந்து, அவர் ஆவியோட பேச வைக்கிறேன்னு சொல்றார்.

கனவு வருவது இயல்பு. பெரும்பாலும் ஆறுதலாகவும் இருக்கும். அதில் செய்தி தேட வேண்டாம், அதற்காகப் பயப்படவும் வேண்டாம். ஆவியோடு பேச வைக்கிறேன் என்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செத்தவர்களிடம் குறி கேட்பதை உபாகமம் 18 தடுக்கிறது. அதோடு, துக்கத்தில் இருப்பவர்களிடம் பணம் பறிப்பது ரொம்ப சுலபம் என்று அந்த ஆட்களுக்குத் தெரியும்.

அங்க போனா அவரை எனக்கு அடையாளம் தெரியுமா?

தெரியும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்டுகொண்டாள். அவர் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. மீன் சாப்பிட்டார். புது சரீரம், ஆனால் அதே ஆள். நம்முடைய உயிர்த்தெழுதலுக்கு அவர்தான் முதற்பலன் என்கிறார் பவுல்.

கணவன் மனைவியாக இருப்போமா என்றும் சேர்த்துக் கேட்பார்கள். அங்கே கொள்வனை கொடுப்பனை இல்லை என்று இயேசு சொல்லியிருக்கிறார் (மத்தேயு 22:30). அன்பு குறைந்துபோகும் என்று அவர் சொல்லவில்லை.

ஞானஸ்நானம் குடுக்கிறதுக்கு முன்னாடியே குழந்தை போயிடுச்சு. வயித்துலயே போனதுக்குப் பேர்கூட வைக்கலை.

தாவீதின் குழந்தை ஏழாம் நாள் இறந்தது. "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றார் அவர் (2 சாமுவேல் 12:23). சிறு பிள்ளைகளைத் தடுத்த சீஷர்களை இயேசு கண்டித்தார். அப்படிப்பட்ட குழந்தைகளின் மீட்பை நம்பி எதிர்பார்க்கக் காரணங்கள் உண்டு என்று கத்தோலிக்க இறையியல் ஆணையமும் 2007-ல் விரிவாக எழுதியது. தாயின் கர்ப்பத்தில் கருவாய் இருந்ததையே கண்டவர் என்று 139-ம் சங்கீதம் பாடுகிறதே, அவருக்கு உங்கள் பிள்ளை யார் என்று தெரியும்.

பேர் வைக்க இப்போதும் முடியும். கரு கலைந்து வருஷங்கள் கழித்து, ஆயரை அழைத்து ஜெபித்து, பேர் வைத்துக் குடும்ப பைபிளில் எழுதிய வீடுகளை எனக்குத் தெரியும். "அது குழந்தையே இல்லை, அடுத்தது வரும்" என்று மட்டும் யாரும் அந்தத் தாயிடம் சொல்லாதீர்கள்.

அப்பா கடைசிவரைக்கும் இந்துவாத்தான் இருந்தார். அவரை இனி பார்க்கவே மாட்டேனா?

இதில் சபைகள் ஒரே பதில் சொல்வதில்லை. தன் தவறில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடியவர்களும் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்க திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. கிறிஸ்துவை விசுவாசிப்பது அவசியம் என்று பல சீர்திருத்த சபைகள் அழுத்தமாகப் போதிக்கின்றன. எந்த சபையும் தீர்ப்பை நம் கையில் கொடுக்கவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நேரத்தில் இயேசுவிடம் ஒரு வாக்கியம் பேசினான். அதை அவன் வீட்டார் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவின் கடைசி மணி நேரங்களில் அவர் உள்ளத்தில் நடந்தது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதை (ஆதியாகமம் 18:25) நான் பிடித்துக்கொள்கிறேன்.

கொள்ளி வைப்பது மனசாட்சிக்கு ஒவ்வவில்லை என்றால் தம்பியிடமோ சித்தப்பாவிடமோ முன்பே பேசுங்கள். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். பாடையைத் தோள் கொடுத்துத் தூக்குங்கள், அம்மா பக்கத்தில் இருங்கள்.

அண்ணன் தானாவே உயிரை மாய்ச்சுக்கிட்டான். அவனுக்குப் பரலோகம் கிடையாதுன்னு சொல்றாங்க.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கடும் மனவேதனையும் நோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன, இவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடே சொல்கிறது. அடக்க ஆராதனை மறுக்கும் பழைய விதி 1983 திருச்சபைச் சட்டத்தில் இல்லை. எலியா சாவைக் கேட்டதையும் யோபு தான் பிறந்த நாளைச் சபித்ததையும் மேலே பார்த்தோம். அந்த இருட்டு தேவனுக்குத் தெரியாத இடம் இல்லை. மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8-ன் கடைசி வசனங்கள் சொல்லும்போது, இந்த ஒரு மரணத்தை மட்டும் நீக்கி வாசிக்க நாம் யார்?

"நான் அன்னைக்கு போன் எடுத்திருந்தா" என்ற எண்ணம் உங்களை அரிக்கும். அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். துக்க வீட்டாரிலும் இந்த வகை துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். மேலே சொன்ன 14416 உங்களுக்கும்தான்.

சின்னப் பிள்ளைகிட்ட என்ன சொல்றது?

உண்மையை, சின்ன வார்த்தையில். "தாத்தா இறந்துட்டாங்க, இனிமே வரமாட்டாங்க. இயேசப்பா ஒருநாள் எழுப்புவாங்க." தூங்குகிறார் என்று சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும். "நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படும். கேட்ட கேள்வியையே பத்து தடவை கேட்பார்கள், பத்து தடவையும் பதில் சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவர்கள் பார்க்கலாம்.

உண்மையைச் சொல்றேன். உயிர்த்தெழுதலே இல்லைன்னா? எல்லாம் நாமளே மனசைத் தேத்திக்கச் சொல்ற கதைன்னா?

பவுல் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், எல்லா மனுஷரிலும் நாம்தான் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் என்று நேராகவே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:17-19). ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக நம்பச் சொல்லவில்லை. நடந்ததா இல்லையா என்பதில் எல்லாவற்றையும் வைக்கிறார். அதே அதிகாரத்தில் சாட்சிகளையும் அடுக்குகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஒரே சமயத்தில் 500-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் அநேகர் இந்நாள்வரை இருக்கிறார்கள், சிலர் நித்திரையடைந்தார்கள் என்கிறார். இயேசு சிலுவையில் மரித்து ஏறக்குறைய 25 வருஷத்துக்குள் எழுதின கடிதம் அது. போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லக்கூடிய காலத்தில் எழுதியிருக்கிறார். நான் நம்புகிறேன். சில இரவுகளில், மாற்கு 9-ல் வரும் அந்தத் தகப்பனின் பாதி விசுவாசத்தோடுதான் நம்புகிறேன்.

சந்தேகத்தோடு எங்கே போவது என்று கேட்டால், தோமாவைப் பாருங்கள். ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டேன் என்று சொன்னபிறகும், எட்டு நாள் கழித்து அவர் மற்ற சீஷர்களோடுதான் வீட்டுக்குள் இருந்தார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. இயேசு வந்தபோது அவரிடம்தான், என் கைகளைப் பார் என்றார். நம் சென்னையில் சாந்தோம் ஆலயம் அந்தத் தோமாவின் பேரில்தான் நிற்கிறது. அதனால் நம்ப முடிகிறவரை வீட்டிலேயே இருக்கிறேன் என்று முடிவெடுக்க வேண்டாம். நான் முன்பே சொன்ன அந்தப் பின்வரிசையில் வந்து உட்காருங்கள்.